கை விரிக்கும் ரோபோவை நரம்பின் கணக்குப்படி அமைப்பது எப்படி

பக்கவாதம் தாக்கிய கையில் முதலில் திரும்பி வருவது மடக்கும் வலு. விரல்களை விரிக்கும் வலு கடைசியில்தான் வரும், பல பேருக்கு வராமலே போய்விடும். டம்ளரைப் பிடித்த கையால் அதைக் கீழே வைக்க முடியாது. சட்டைப் பொத்தான், சோற்று உருண்டை, கதவுத் தாழ்ப்பாள் எல்லாமே விரலைத் திறப்பதில்தான் தொடங்குகின்றன. அதனால் கைக்கான மறுவாழ்வு ரோபோ செய்பவர்கள் பெரும்பாலும் கை விரிக்கும் கருவியில் ஆரம்பிக்கிறார்கள்.

மோட்டார் வைத்து விரலை இழுத்துத் திறப்பது கஷ்டமான வேலை இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நோயாளி தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்த மோட்டார் கையைத் திறக்கும். மூட்டு இறுகாமல் இருக்க அது உதவும். மூளை அதிலிருந்து கற்பது மிகக் குறைவு. மூளை 'திற' என்று கட்டளை அனுப்பிய அதே நேரத்தில் கை திறந்து, அந்த உணர்வு உடனே மூளைக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் பாதை பலப்படும். சேர்ந்து இயங்கும் நரம்பணுக்களின் இணைப்பு உறுதியாகிறது என்று உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949-லேயே முன்வைத்த கருத்தை இந்தக் கருவியின் வடிவமைப்பு விதியாகவே எடுத்துக்கொள்ளலாம். தொடங்குவது நோயாளி, முடித்துக் கொடுப்பது மோட்டார்.

இந்த வழிகாட்டி, தசை மின்சமிக்ஞையைக் கேட்டு இயங்கும் ஒற்றை மோட்டார் கருவிக்கானது. இயன்முறை மருத்துவரும் (பிசியோதெரபிஸ்ட்) உயிர் மருத்துவப் பொறியியல் படிப்பவரும் சேர்ந்து செய்யும் வேலை இது. நோயாளியின் கையில் மாட்டுமுன் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் மருத்துவரின் ஒப்புதலும் கட்டாயம்.

நரம்பு என்ன கேட்கிறது

விரல்களைத் தனித்தனியாக அசைக்கும் கட்டளை மூளையின் மேற்பட்டையிலிருந்து தண்டுவடத்துக்கு நேராக இறங்கும் பாதையில் வருகிறது. பக்கவாதம் அடிக்கடி வெட்டுவது இந்தப் பாதையைத்தான். வெட்டுப்பட்டதும் மூளைத்தண்டிலிருந்து இறங்கும் பழைய பாதை ஒன்று பொறுப்பை ஏற்கிறது. அதற்கு நுணுக்கம் தெரியாது. தோள், முழங்கை, விரல் எல்லாவற்றையும் ஒரே கொத்தாக இயக்கும். நோயாளி கையைத் தூக்கினால் முழங்கை மடங்கி விரல்கள் சுருண்டுகொள்வது இதனால்தான்.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது: கையின் எடை முழுவதும் மேசையில் இருக்க வேண்டும். முழங்கை ஏறத்தாழ 90 பாகை, தோள் தூக்கப்படாமல், முன்கை நுரைத் தொட்டிலில். மேசை 5 செ.மீ. உயரமாகிவிட்டாலும் தோள் வேலை செய்ய ஆரம்பிக்கும், மடக்கும் தசை விழிக்கும். பிறகு கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. பல வாரம் கழித்து விரல் நன்றாகத் திறக்கும்போது, தாங்கலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, தோளைத் தூக்கியபடியே விரலைத் திறக்கும் பயிற்சிக்குப் போகலாம். அது அடுத்த கட்டம்.

இரண்டாவது, வேகம். தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகள் எவ்வளவு வேகமாக நீட்டப்படுகின்றனவோ அவ்வளவு பலமாகத் தண்டுவடத்தைத் தூண்டுகின்றன. ஆரோக்கியமான கையில் மூளை இதை அடக்கி வைக்கும். பக்கவாதத்துக்குப் பின் அந்தக் கடிவாளம் தளர்ந்துவிடும். விறைப்பு, வேகத்தைப் பொறுத்தது என்று 1980-ல் நரம்பியலாளர் ஜேம்ஸ் லான்ஸ் வகுத்த வரையறை இன்றும் நிற்கிறது. நீங்கள் மோட்டாரை வேகமாக இழுத்தால் கை உங்களை எதிர்த்து மூடும். அதைக் கண்டு விசையைக் கூட்டினால் இன்னும் இறுக்கும்.

யாருக்கு மாட்டலாம்

விரல் வெளியே அசையாவிட்டாலும் பரவாயில்லை. முன்கையின் பின்புறத்தில் விரல் வைத்து, 'திறக்கப் பாருங்கள்' என்று சொல்லும்போது தசை சிறிது துடிப்பது தெரிந்தால் போதும். தசை வலு அளவில் 1 என்பது இதுதான். துடிப்பே இல்லை என்றால் இந்தக் கருவி கேட்பதற்கு எதுவும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

விறைப்பை மாற்றியமைக்கப்பட்ட ஆஷ்வர்த் அளவுகோலில் பாருங்கள். 0, 1, 1+, 2 வரை உள்ள கைகளில் தொடங்கலாம். 3 என்றால் முதலில் விறைப்புக்கான சிகிச்சை தேவை. 4 என்பது அசையாமல் இறுகிய மூட்டு, மோட்டார் கூடாது. விரல் மூட்டு நிரந்தரமாகச் சுருங்கியிருந்தாலும், அண்மையில் எலும்பு முறிந்திருந்தாலும், தோலில் புண் இருந்தாலும் மாட்டாதீர்கள். பேச்சு புரியாத நோயாளிக்கு (இடது மூளை பாதித்தால் இது சகஜம்) வாய்வழிக் கட்டளை போதாது. நல்ல கையால் செய்து காட்டி, படம் காட்டி, பச்சை விளக்கோடு சொல்ல வேண்டும்.

பாகங்கள்

விரல்களைப் புறங்கைப் பக்கமிருந்து இழுப்பதே நல்லது. உள்ளங்கையில் பட்டை வைத்துத் தள்ளினால் அந்தத் தொடுகையே சிலருக்குப் பிடிப்பைத் தூண்டிவிடும். தவிர, உள்ளங்கையும் விரல் நுனியும் வெறுமையாக இருந்தால்தான் டம்ளரின் குளிர்ச்சியும் துண்டின் சொரசொரப்பும் மூளைக்குப் போய்ச் சேரும்.

நான்கு விரல்களுக்கும் ஒரே குறுக்குப் பட்டை. ஒவ்வொரு விரலின் நடு எலும்பின் மேலும் மெத்தென்ற வளையம். பட்டையிலிருந்து சைக்கிள் பிரேக் கேபிள் போன்ற உறையிட்ட கம்பி மேசையில் இருக்கும் மோட்டாருக்குப் போகும். விரல் அடி மூட்டின் அச்சிலிருந்து கம்பி 3 செ.மீ. உயரத்தில் ஓடினால், 60 பாகை திறக்க ஏறக்குறைய 31 மி.மீ. இழுக்க வேண்டும். 50 மி.மீ. ஓட்டமும் 50 நியூட்டன் விசையும் உள்ள நேர்கோட்டு மோட்டார் இதற்குப் போதும். கட்டைவிரலை முதல் கருவியில் மோட்டாரோடு இணைக்காதீர்கள். ஒரு மெத்தென்ற பிளவுப் பட்டையால் விலக்கி வையுங்கள்.

மோட்டாரை முன்கையின் மேலேயே கட்டும் ஆசை வரும். வேண்டாம். தசைநாண் மேல் 100 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்வு பட்டால் நீட்சி உணரிகள் சுடத் தொடங்கும், அதாவது மின்துடிப்புகளை அனுப்பத் தொடங்கும். அந்தத் தசை தானாகச் சுருங்கும். 1960-களிலிருந்து நரம்பியலாளர்களுக்குத் தெரிந்த அனிச்சைச் செயல் இது. மலிவான சர்வோ மோட்டார் நடுங்கிக்கொண்டே மடக்கும் தசைநாணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், நீங்கள் திறக்க நினைக்கும் கையை உங்கள் கருவியே மூடச் சொல்கிறது.

ஒற்றை மோட்டார் என்றால் குறைவு என்று நினைக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய 'புளூட்டோ' கைப்பயிற்சி ரோபோவும் ஒரே மோட்டாரில்தான் ஓடுகிறது. பிடிகளை மாற்றி மாட்டி மணிக்கட்டு, முன்கைத் திருப்பம், கை திறத்தல் என்று வெவ்வேறு அசைவுகளைப் பயிற்றுவிக்கிறது. விலை குறைவதற்கும், வீடு வரை போவதற்கும் இந்த எளிமைதான் காரணம்.

தசை மின்சமிக்ஞைக்கு இரண்டு சேனல் வேண்டும்: ஒன்று நீட்டும் தசைக்கு, ஒன்று மடக்கும் தசைக்கு. இதய மின்பதிவுக்கென்று விற்கும் ஏ.டி.8232 பலகையை மாணவர்கள் அடிக்கடி வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பலகை சுமார் 40 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டிவிடுகிறது. தசைச் சமிக்ஞையின் சத்து பெரும்பாலும் 50 முதல் 150 ஹெர்ட்ஸில் இருக்கிறது. திரையில் அலை தெரியும், ஆனால் அதில் தசை இருக்காது. 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை விடும் பெருக்கியைத் தேடி வாங்குங்கள்.

ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில், மின்னழுத்தத்தை எண்ணாக்கும் 10 பிட் மாற்றி 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். ஆயிரம் மடங்கு பெருக்கினாலும், பலவீனமான தசையின் 15 மைக்ரோவோல்ட் சமிக்ஞை மூன்றே படி உயரம்தான் எழும். நல்ல தசையில் அருமையாக ஓடிய கருவி நோயாளியிடம் செத்துக் கிடப்பதற்கு முக்கியக் காரணம் இது. 12 பிட்டுக்குக் குறையாமல், முடிந்தால் 24 பிட் மாற்றி வையுங்கள்.

விசையை அளக்க 5 கிலோ லோட்செல்லும் (விசை உணரி), அதன் சமிக்ஞையை எண்ணாக்கும் எச்.எக்ஸ்.711 பலகையும் போதும். ஆனால் பெரும்பாலான பலகைகள் விநாடிக்கு 10 அளவீடு தரும்படி கட்டப்பட்டே வருகின்றன. அப்படியென்றால் கை இறுகியது தெரியவே பத்தில் ஒரு விநாடி ஆகிவிடும். பலகையின் வேகத் தேர்வுக் காலை (pin) உயர் மின்னழுத்தத்தோடு இணைத்து 80-க்கு மாற்றுங்கள்.

எலக்ட்ரோடு ஒட்டியிருக்கும்போது எல்லாமே பேட்டரியில் ஓட வேண்டும். சார்ஜரில் செருகிய லேப்டாப்பை நேராக இணைக்கக் கூடாது. பதிவு தேவையென்றால் கம்பியில்லா இணைப்பு, அல்லது மின்தனிமைப்படுத்தி. மோட்டாருக்கும் பெருக்கிக்கும் தனித்தனி பேட்டரி. அவசர நிறுத்த ஸ்விட்ச் நோயாளியின் நல்ல கைக்குள் இருக்க வேண்டும், அதை அழுத்தினால் மென்பொருள் வழியாகப் போகாமல் மோட்டாரின் மின்சாரமே துண்டாக வேண்டும். துண்டானதும் கம்பி தளர்ந்து கை மூட வழியும் வேண்டும்: பின்னோக்கி உருளாத கியர் மோட்டார் என்றால் கம்பியின் நடுவில் கையால் இழுத்துக் கழற்றும் கொக்கி ஒன்று வையுங்கள்.

எலக்ட்ரோடு ஒட்டுதல்

முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையிலிருந்து மணிக்கட்டின் பின்புற நடுப்பகுதிக்கு ஒரு கோடு இழுங்கள். அதன் மேல் பாதியில், விரல் நீட்டப் பார்க்கும்போது தசை புடைக்கும் இடத்தைத் தொட்டுக் கண்டுபிடியுங்கள். நோயாளியின் நல்ல கையில் முதலில் தேடிவிட்டால் பாதித்த கையில் இடம் பிடிப்பது சுலபம். முடி இருந்தால் மழித்து, ஸ்பிரிட் பஞ்சால் தோல் லேசாகச் சிவக்கும் வரை துடைத்து, காய விடுங்கள். வெள்ளி–வெள்ளிக் குளோரைடு எலக்ட்ரோடுகள் இரண்டு, மையத்துக்கு மையம் 20 மி.மீ., தசை நார் ஓடும் திசையில். பொது எலக்ட்ரோடு முழங்கை எலும்பின் மேல்.

பிறகு ஒரு சோதனை. மணிக்கட்டை மட்டும் தூக்கச் சொல்லுங்கள். அடுத்து விரலை மட்டும். மணிக்கட்டுக்கே பெரிய சமிக்ஞை வந்தால் பக்கத்துத் தசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அரை செ.மீ. நகர்த்துங்கள். முன்கைத் தசைகள் நெருக்கமாக அடுக்கியிருப்பவை, முழுச் சுத்தம் கிடைக்காது. விரலுக்கு வரும் உயரம் மணிக்கட்டுக்கு வருவதைவிட இரண்டு மடங்காவது இருக்கட்டும். சரியான இடம் கிடைத்ததும் தோலில் மை வைத்துவிடுங்கள், மறுநாள் அதே இடம் வேண்டும்.

மணிக்கட்டை நேராக வையுங்கள். மணிக்கட்டைப் பின்னால் வளைத்தால் நீளம் குறைந்த மடக்கும் தசைநாண்கள் விரலை இழுத்து மூடும்.

'திற' என்ற கட்டளையைப் பிடிப்பது

விநாடிக்கு 1000 முறைக்குக் குறையாமல் அளவிடுங்கள். 20–450 ஹெர்ட்ஸ் வடிகட்டி, எதிர்ம மதிப்புகளை நேராக்கி, 100 மில்லி செகண்ட் சாளரத்தில் சராசரி எடுங்கள். 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சார இரைச்சலை வெட்டும் வடிகட்டியைக் கடைசி வழியாக வையுங்கள். அது இரைச்சலோடு சமிக்ஞையின் நல்ல பகுதியையும் தின்றுவிடும். முதலில் கம்பிகளை முறுக்கிக் கட்டுங்கள், தோலை மறுபடி துடையுங்கள், டியூப்லைட்டை அணைத்துப் பாருங்கள்.

வரம்பு வைக்கும் முறை: நோயாளி தளர்ந்திருக்கும் 10 விநாடியின் சராசரியோடு, திட்ட விலக்கத்தின் 3 மடங்கைக் கூட்டுங்கள். சமிக்ஞை அந்தக் கோட்டைத் தாண்டி 50 மில்லி செகண்ட் நீடித்தால் 'திற' என்று எடுத்துக்கொள்ளலாம். சமிக்ஞை மிகவும் பலவீனம் என்றால் டீகர்–கைசர் கணக்கை முன்னால் போடுங்கள்: ஒவ்வொரு அளவீட்டின் வர்க்கத்திலிருந்து, அதற்கு முந்தையதையும் பிந்தையதையும் பெருக்கிய தொகையைக் கழியுங்கள். தசை சுடும் இடம் இரைச்சலுக்கு மேல் தனியாகத் தூக்கித் தெரியும். இரண்டே பெருக்கல், ஒரு கழித்தல். சின்ன மைக்ரோகன்ட்ரோலர்கூடத் தாங்கும்.

பக்கவாதக் கையின் 'ஓய்வு' உண்மையில் ஓய்வாக இருப்பதில்லை. விறைத்த தசை சும்மா இருக்கும்போதும் சுட்டுக்கொண்டிருக்கும். ஒரு முறை திறந்த பிறகு தளரப் பல விநாடி பிடிக்கும். இதை மறந்து காலையில் ஒரு தடவை வரம்பு வைத்துவிட்டு மாலை வரை ஓட்டினால், கருவி தானாகத் திறந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு 20 முயற்சிக்கும் ஒரு முறை ஓய்வு அளவை மறுபடி எடுங்கள். ஒரு முயற்சி முடிந்ததும் சமிக்ஞை வரம்புக்குக் கீழே இறங்கி 1 விநாடி நின்றால்தான் அடுத்ததற்குக் கருவி தயாராக வேண்டும். தளர்வதும் பயிற்சியின் பாதிதான். நோயாளியிடம் அதைச் சொல்லிக் கொடுங்கள்.

மடக்கும் தசையின் சேனலை இந்த இடத்தில் பயன்படுத்துங்கள். முழுப் பலத்தோடு முக்கித் திறக்கப் பார்ப்பவர்கள் இரண்டு தசையையும் சேர்த்து இறுக்கிவிடுவார்கள். ஒவ்வொரு சேனலையும் அந்தந்தத் தசையால் எட்ட முடிந்த உச்சத்தோடு வகுத்து ஒப்பிடுங்கள். மடக்கும் தசை முந்தினால் மோட்டார் ஓடக் கூடாது. மஞ்சள் விளக்கு எரியட்டும். 'இன்னும் மெதுவாக, பாதி முயற்சி போதும்' என்று சொல்லுங்கள். முக்குவதற்குப் பரிசு கொடுத்தால் மூளை முக்குவதைத்தான் கற்கும்.

தாமதத்தின் கணக்கு

ஆரோக்கியமான கையிலேயே தசை மின்சமிக்ஞை எழுந்து விசை பிறக்க 30 முதல் 100 மில்லி செகண்ட் ஆகிறது. ஆக, கருவிக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. சமிக்ஞை எழுந்ததிலிருந்து விரல் அசையும் வரை மொத்தம் 200-க்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் போகப் போக 'நான் திறந்தேன்' என்ற உணர்வு போய் 'அது திறந்தது' என்றாகிவிடும்.

செலவை எழுதிப் பாருங்கள். 100 மில்லி செகண்ட் சாளரம் ஏறத்தாழ 50 தாமதம் தரும். உறுதி செய்ய 50. மோட்டார் கிளம்ப 30 முதல் 50. இதுவரை 150; தப்பித்தோம். இனி கம்பித் தளர்ச்சி. விநாடிக்கு 30 பாகை வேகத்தில் கம்பி 16 மி.மீ. வேகத்தில் ஓடுகிறது; 4 மி.மீ. தளர்ச்சி இருந்தால் அதை இழுக்கவே கால் விநாடி போய்விடும். மென்பொருளில் 10 மில்லி செகண்டுக்குத் தலையை உடைத்துக்கொண்டு கம்பியில் 250-ஐ விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் முன் மோட்டார் கம்பியை 2 நியூட்டன் வரை மெல்ல இறுக்கி நிற்கட்டும். அலையை வழவழப்பாக்க 3 ஹெர்ட்ஸ் இரண்டாம் படி வடிகட்டி போடுபவர்கள் அது தனியாக 75 மில்லி செகண்ட் சாப்பிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அளந்து பார்க்க எளிய வழி: போனின் மெதுவேக வீடியோ, விநாடிக்கு 240 படம். வரம்பு தாண்டியதைக் கருவி உறுதி செய்யும் நொடியில் ஒரு எல்.ஈ.டி. எரியட்டும். அது எரிந்த படத்துக்கும் விரல் அசைந்த படத்துக்கும் நடுவில் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு படம் ஏறத்தாழ 4 மில்லி செகண்ட். எல்.ஈ.டி. எரியுமுன்பே சாளரமும் உறுதி செய்தலும் 100 எடுத்துக்கொண்டன, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வேகமும் விசையும்

ஆஷ்வர்த் 1 அல்லது அதற்குக் கீழே உள்ள கைக்கு விநாடிக்கு 20 முதல் 30 பாகை. அளவு 2 என்றால் 10 முதல் 15. 60 பாகை திறக்க அது 4 முதல் 6 விநாடி எடுக்கும், எடுக்கட்டும். வேகத்தைத் திடீரென்று எட்டாமல் முதல் அரை விநாடியில் படிப்படியாக ஏற்றுங்கள்.

விசை எல்லையை ஊகத்தில் வைக்காதீர்கள். இயன்முறை மருத்துவர் பட்டையில் ஒரு லக்கேஜ் தராசை மாட்டி, மெதுவாக இழுத்து, கை வலியில்லாமல் முழுதும் திறக்கும் அளவைப் படிக்கட்டும். 1.2 கிலோ காட்டினால் அது சுமார் 12 நியூட்டன். அதற்கு மேல் 20 சதவீதம் கூட்டி 14.4-ஐ எல்லையாக வையுங்கள். அடி மூட்டிலிருந்து 6 செ.மீ. தள்ளி இந்த விசை விழுந்தால், 3 செ.மீ. உயரக் கம்பியில் அது இரண்டு மடங்காக, 29 நியூட்டனாகத் தெரியும். லோட்செல் கம்பியில் இருந்தால் எல்லை 29, பட்டையில் இருந்தால் 14.4, இந்த இரண்டையும் குழப்பினால் விரலுக்கு இரட்டிப்பு விசை போய்விடும்.

எல்லை தொட்டால் மோட்டார் நிற்பது மட்டும் போதாது. 5 மி.மீ. பின்வாங்கி, 2 விநாடி காத்திருந்து, பாதி வேகத்தில் மறுபடி முயல வேண்டும். நீட்சி அனிச்சை அடங்குவதற்கான நேரம் அது. நல்ல இயன்முறை மருத்துவரின் கை இதைத்தான் தானாகச் செய்கிறது. நெவில் ஹோகன் 1985-ல் முன்வைத்த விசை–இட உறவுக் கட்டுப்பாடும், அதன் மேல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எழுந்த 'மேனஸ்' கைப்பயிற்சி ரோபோவும் இந்த விட்டுக்கொடுக்கும் தன்மையைத்தான் இயந்திரத்துக்குக் கொடுத்தன.

உதவியைக் குறைப்பது

மனித நரம்பு மண்டலம் சிக்கனமானது. மோட்டார் முழுதும் செய்யும் என்று தெரிந்தால் தசை தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். நோயாளி சோம்பேறி என்று பொருளில்லை, மூளை எப்போதுமே அப்படித்தான் கணக்குப் போடுகிறது. தூண்டல் மட்டும் கேட்கும் கருவியில் இது சீக்கிரம் வெளிப்படும்: இரண்டாம் வாரத்தில் நோயாளி ஒரு சிறு துடிப்பு கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார், கை அழகாகத் திறக்கும், பதிவேட்டில் வெற்றி 100 சதவீதம் இருக்கும், கருவியைக் கழற்றினால் கையில் எந்த மாற்றமும் இருக்காது.

இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, திறக்கும் நேரம் முழுவதும் சமிக்ஞை வரம்பின் பாதிக்காவது மேலே இருக்க வேண்டும், இறங்கினால் மோட்டார் நிற்கும். இரண்டு, மறக்கும் கணக்கு. அடுத்த முயற்சியின் உதவி = இப்போதைய உதவி × 0.9 + குறைபாடு × 0.2. உதவி 60 சதவீதம், நோயாளி இலக்கில் 10 சதவீதம் குறைந்தார் என்றால் அடுத்தது 56. பாதிதான் எட்டினார் என்றால் 64. நன்றாகச் செய்தால் கருவி தானாக விலகும், தடுமாறினால் திரும்பி வரும். கருவி மறக்கும் வேகம் நோயாளியின் தசை தன் பங்கைக் குறைக்கும் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த 0.9-இன் வேலை. 0.98 வைத்தால் பயனில்லை, 0.7 வைத்தால் நோயாளி மனம் உடைந்துபோவார். பத்தில் ஏழெட்டு முயற்சி வெற்றி பெறும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

ஒரு அமர்வு

சாதாரண மறுவாழ்வு அமர்வுகளைக் கவனித்து எண்ணிய 2009-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், கையின் பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 முறையே நடந்திருந்தன. விலங்குகளின் மூளை மாறிய சோதனைகளில் நாளுக்குப் பல நூறு. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ரோபோ. ஒரு முயற்சி 10 விநாடி என்று வைத்தால் 20 முயற்சிக்கு மூன்றரை நிமிடம். நடுவில் 1 நிமிட ஓய்வு. பத்துச் சுற்றில் 200 முயற்சி 45 நிமிடத்தில் முடியும். முதல் வாரம் 60-லிருந்து தொடங்குங்கள்.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் மறைக்கக் கூடாது. பிரிட்டனில் 770 பேரை வைத்து நடந்து 2019-ல் வெளியான 'ராட்டுல்ஸ்' சோதனையில், ரோபோ பயிற்சி வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் அன்றாடப் பயன்பாட்டைக் கூட்டவில்லை. திரையில் புள்ளியைத் துரத்திய திறமை தானாகச் சமையலறைக்குப் போகாது என்றே அதைப் படிக்கிறோம். ஆகவே பத்துச் சுற்றில் குறைந்தது ஐந்து, உண்மையான பொருளோடு நடக்கட்டும்: எவர்சில்வர் டம்ளரைப் பிடித்து விடுவது, மடித்த துண்டை எடுப்பது, எலுமிச்சம்பழத்தைக் கிண்ணத்தில் போடுவது.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வளையங்களின் கீழ் தோலைப் பாருங்கள். உணர்வு குறைந்த கை, வலிக்கிறது என்று சொல்லாது. சிவப்பு 15 நிமிடத்தில் மறையாவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மெத்தையை மாற்றுங்கள்.

கோளாறும் காரணமும்

மோட்டார் ஓடும்போது மட்டும் சமிக்ஞை குதித்தால், ஊனோ மோட்டாருக்கு அனுப்பும் மின்துடிப்பைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான கால்களில் அது 490 ஹெர்ட்ஸ். தசைச் சமிக்ஞையின் ஓரத்திலேயே உட்காருகிறது. 5, 6-ஆம் கால்களில் சுமார் 980. நீங்கள் 1000-ல் அளவிட்டால் அது மடிந்து 20 ஹெர்ட்ஸ் பக்கம் போலிச் சமிக்ஞையாக வந்து நிற்கும், மென்பொருள் வடிகட்டி அதைப் பிடிக்காது. துடிப்பை 20 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றி, அளவீட்டுக்கு முன் மின்சுற்றிலேயே வடிகட்டி வையுங்கள்.

முதல் 50 முயற்சி நன்றாக ஓடி, பிறகு வரம்பு எளிதாகத் தாண்டினால் அது முன்னேற்றம் இல்லை. களைத்த தசை அதே விசைக்கு அதிக நார்களை அழைக்கும்; சமிக்ஞையின் உயரம் கூடும், அலைவெண் இறங்கும். ஓய்வு கொடுங்கள். வியர்வையில் எலக்ட்ரோடு தளர்ந்தாலும் சமிக்ஞை மாறும். மைக்ரோபோர் டேப்பால் கம்பியை எலக்ட்ரோடுக்கு 3 செ.மீ. தள்ளி ஒட்டிவிடுங்கள்.

கொட்டாவி விடும்போதும் இருமும்போதும் கை திறக்கவோ மூடவோ செய்தால் கருவியில் பிழை இல்லை. பழைய பாதை அப்படித்தான் பேசும். 'திற' என்று சொல்லும் பச்சை விளக்கு எரிந்த பிறகு 3 விநாடிக்குள் வரும் சமிக்ஞையை மட்டும் ஏற்கச் செய்யுங்கள்.

வாரக் கணக்கு

ஒவ்வொரு வாரமும் முதல் நாள், பயிற்சிக்கு முன், கம்பியைக் கழற்றிவிட்டு ஐந்து முயற்சி. அடி மூட்டு எத்தனை பாகை திறந்தது, திறந்த பிறகு தளர எத்தனை விநாடி ஆனது என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள். மாதம் ஒரு முறை பக்கவாதக் கையின் அசைவுக்கு மதிப்பெண் போடும் ஃபூகல்–மேயர் கைப் பரிசோதனை (மொத்த மதிப்பெண் 66), ஒரு நிமிடத்தில் எத்தனை கட்டை மாற்றினார் என்ற பெட்டி–கட்டைச் சோதனை. கருவியின் வெற்றி சதவீதத்தை முன்னேற்றமாகக் குடும்பத்தாரிடம் காட்டாதீர்கள். அது கருவி வைத்த வரம்பைப் பொறுத்தது.

நான்கு வாரமாகப் பாகையும் விநாடியும் அசையவில்லை என்றால் முயற்சிகளைக் கூட்டாதீர்கள். ஓய்வில் மடக்கும் தசை எவ்வளவு சுடுகிறது என்ற பதிவை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அது உயர்ந்தே இருந்தால் போட்டுலினம் ஊசி போன்ற விறைப்புச் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம். ஊசிக்குப் பிறகு முதலில் எழுதிய விசை எல்லை, வேகம், வரம்பு மூன்றும் செல்லாது. லக்கேஜ் தராசிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.